அவள் சொன்ன லேபிள்கள்

மென்பொருள் லேபிள்களில் ஆங்கிலச் சொல்லுக்கு முன் ‘எ’ வருமா, ‘ஆன்’ வருமா என்று பார்ப்பது எங்கள் இருவரின் வேலை. “எழுத்தப் பாக்காதே மக்கு, சொல்லிப் பாரு” என்பாள் என் மனைவி சுகிர்தா. அவள் வாய்விட்டுச் சொல்வாள். நான் தட்டச்சு செய்வேன். அவள் இறந்த பிறகும் ஏழு மாதமாக லேபிள்களைப் படிக்கும்போது அவை அவள் குரலிலேயே கேட்டன. இன்று வாரிசு என்பதற்கான ஆங்கிலச் சொல் வந்தது: எழுத்தில் ‘ஹெச்’, சொன்னால் ‘ஏர்’. விடை எனக்குத் தெரியும். குரல்தான் வரவில்லை. பழைய லேபிள்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் என் குரலில் கேட்டன.

“ஒரு எழுத்துக்கு ஒரு மணி நேரமா, தலைவா?” என்றார் டீம் லீடர் பெலிக்ஸ்.

“அந்த ஏசிய நிறுத்துங்க.”

“ஏன், குளுருதா?”

“அவ சொல்றது கேக்கல.”

ஏசி நின்றது. பெலிக்ஸ் நாற்காலி கிறீச்சிடாமல் மெல்ல எழுந்து, மற்றவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.