கதவுக்கு வெளியே ஒரு பக்தர்

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசல் கதவைச் சாத்தினாள். லிஃப்ட் மெக்கானிக் தன் கருவிப் பெட்டியை மாடிப்படியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தார்.

மேல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த மருந்துக்கடைக்காரர் படியேறி வந்தவர் நின்றார். "என்ன சார் வெளியே? வீட்ல சண்டையா?"

"இன்னைக்கு ஃபைனல்."

அவர் முழிப்பதைப் பார்த்து மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். இந்த வீடே உயிரை விடும் கால்பந்து அணி கோப்பையைத் தொட்டு இருபத்து மூன்று வருடம். இவர் கூடத்தில் இருந்தால் அணி கோல் வாங்கும். எட்டு வருடத்துக்கு முன்பு அதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் இவரேதான்.

அப்புறம் வீடே சோதித்துப் பார்த்தது. சமையலறையில் இருந்தால் தோல்வி, குளியலறையில் இருந்தால் டிரா. வாசலைத் தாண்டினால்தான் பலன். இடுக்கு வழியாகக்கூட ராசி உள்ளே போய்விடக் கூடாதென்று கதவைச் சுற்றி ரப்பர் பட்டையும் ஒட்டியிருந்தார்.

"வெளியே இருந்தும் தோத்ததில்லையா?"

"தோத்திருக்கோம். ஒரு தடவை கதவு சரியா சாத்தல. இன்னொரு தடவை நான் தும்மிட்டேன்."

கதவு திறந்தது. மனைவியின் தம்பி, அணியின் சட்டையோடு தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"மாமா, விரதம் இருக்கிறவங்களுக்குக்கூட ஒரு நாள் சாமி தரிசனம் கிடைச்சிடும். உங்களுக்கு அதுவும் இல்லையே!" என்றவன் மருந்துக்கடைக்காரரிடம் திரும்பினான். "போன வருஷம் மழையில மேட்சே ரத்து சார். அப்பவும் மனுஷன் ரெண்டு மணி நேரம் உள்ள வரல. திடீர்னு மழை நின்னு ஆரம்பிச்சிட்டா என்ன பண்றதுங்கிறார்."

மருந்துக்கடைக்காரர் பையைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாக ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"ஒரு முடிவு பண்ணிட்டோம் மாமா. இன்னைக்கும் தோத்தா இந்த ராசியே பொய். அடுத்த வருஷத்துலேருந்து எல்லா மேட்சுக்கும் சோபா நடுவுல நீங்கதான்."

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. "அப்படிச் சொல்லாதடா. ஜெயிக்கணும். எப்படியாவது ஜெயிச்சே ஆகணும்."

தம்பி குரல் தழுதழுக்க, "மனுஷனா நீங்க, தெய்வம் மாமா!" என்று உள்ளே போனான்.

உள்ளே ஆறு பேர், இரண்டு விசில், ஒரு தகரத் தட்டு. சாத்திய கதவுக்கு இப்பால் அது தூரத்து முணுமுணுப்பாகத்தான் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு பெரிய "ஐயோ!" வந்தது. மெக்கானிக் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டார். உதடு எதையோ முணுமுணுத்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு கூச்சல். கடைசியில் இன்னொன்று, அதில் கதவே அதிர்ந்தது.

மனைவி ஓடி வந்தாள். "ஜெயிச்சிட்டோங்க! எல்லாம் உங்களாலதான். இனிமே ஆயுசுக்கும் நீங்க வெளியேதான்!" பாதி அழுகை, பாதி சிரிப்பு. "கோப்பையைக் கையில கொடுக்கிற வரைக்கும் உள்ள வந்துடாதீங்க, ஆமா."

கதவை மறுபடி சாத்தினாள். மெக்கானிக்கின் கன்னத்திலும் கண்ணீர் வழிந்தது.

மருந்துக்கடைக்காரர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கைபேசியைப் பார்த்தபடி சொன்னார்: "உங்க பக்தி வீண் போகல சார். ஆனா, அந்தக் கடைசி கோல் ஆஃப்சைடுன்னு எதிர் டீம்காரங்க கத்திக்கிட்டு இருக்காங்க."

மெக்கானிக் எழுந்து பெட்டியைத் திறந்தார். ஸ்பேனர்களுக்கு அடியிலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்து, அடையாளம் வைத்த பக்கத்தைப் பிரித்துக்கொண்டு கேட்டார்:

"ஆஃப்சைடுன்னா என்னங்க?"