குழாய்க்கு எதிர் பெஞ்சு

"டாக்டர், மோதிரத்தைக் கழட்டிட்டுக் கழுவுங்க. அந்தம்மா பாக்குறாங்க" என்று கிசுகிசுத்தாள் சிஸ்டர்.

குறைமாதக் குழந்தைகள் வார்டின் வாசலில், கை கழுவும் குழாய்க்கு எதிர் பெஞ்சில், மடியில் நோட்டுடன் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு அவங்க?" என்றார் புதிதாக வந்திருந்த டாக்டர்.

"மேலிடத்துல இருந்து நம்மள வேவு பாக்க அனுப்பின ஆளாம். இருபது நாளா யார்கிட்டயும் வாயே திறக்கல. நாம கழுவுறதையே பாக்குறாங்க, நோட்டைப் புரட்டுறாங்க. நேத்து பெரிய டாக்டரே பயந்துபோய் ரெண்டு தடவை கழுவினார்."

டாக்டர் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை சோப்பு போட்டார்.

டூட்டி முடிந்ததும் சிஸ்டர் தயங்கித் தயங்கி அந்தப் பெண்ணிடம் போனாள்.

"மேடம், இந்த இருபது நாளும் ஒரு குழந்தைக்குக்கூடக் கிருமி தொத்தல. ரிப்போர்ட்ல நல்லபடியா எழுதுங்க."

அந்தப் பெண் நோட்டை நீட்டினாள். முதல் பக்கத்தில் 910 கிராம், 935 கிராம், 960 கிராம் என்று தேதிவாரியாக எடை. அதற்குப் பிறகு எல்லாமே வெற்றுத்தாள்.

"போன மாசம் மூணாம் நம்பர் இன்குபேட்டர்ல இருந்தது என் பொண்ணு. கிருமி தொத்தித்தான் போயிட்டா."

சிஸ்டர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"உள்ள வர்றப்பல்லாம் தொப்பியும் மாஸ்க்கும் போட்டிருந்தேன். என் முகம் உங்க யாருக்கும் தெரியாது, சிஸ்டர்."

"அப்புறம் எதுக்கும்மா தினமும்..."

"வீட்டுல பேச ஆள் இல்ல. இங்க நான் பேசாம உக்காந்திருந்தாலே, எல்லாரும் ஒழுங்கா கை கழுவுறீங்களே!"