கறுப்பு வரி

“மலை எழும்புனப்ப மேல இருந்த கல்லெல்லாம் நொறுங்கிப்போச்சு. இது ஆழத்துல, சூட்டுல கிடந்தது. உடையாம வளைஞ்சிருக்கு” என்று குவாரியில் பாறை பார்க்க வந்த கல்லூரி டீச்சரம்மா சொன்னதைக் கல்லுடைக்கும் வேடியப்பன் நம்பவில்லை. கல்லாவது, வளையறதாவது! அவள் போனதும், பாறையில் ஓடிய கறுப்பு வரியைக் கட்டைவிரல் நகத்தால் தடவிக்கொண்டே போனார். கொண்டை ஊசியாய்த் திரும்பிய இடத்தில்கூட மயிரிழை வெடிப்பு இல்லை.

“யோவ் பெருசு, ஜல்லிக்கு லாரி நிக்குது. உடைக்கிறியா, வீட்டுக்குப் போறியா?” என்று மேஸ்திரி கத்தினான்.

வேடியப்பன் சம்மட்டியை அவன் காலடியில் போட்டார். “மலையே அமுக்கியும் உடையாதது. உன் ஜல்லிக்கு நான் உடைக்கணுமாடா?”

“நீ இல்லன்னா மெஷின் உடைக்கும்.”

“வரச்சொல்லு.”

பாறைமேல் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். மெஷின் கிளம்பிய அதிர்வு கல் வழியாகத் தொடையில் ஏறியது. வேடியப்பன் நிதானமாக வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார்.