மூன்றாவது மாடிக்கு நாலு மார்க்

வெளிநாட்டு நகரத்தின் அந்தத் தெருவில், ஒரு கட்டடத்தின் சுவர் முழுக்க, நிஜ ஜன்னல்களுக்கு நடுவே, பொய் ஜன்னல்களையும் அவற்றில் நிற்கும் ஆட்களையும் வரைந்திருந்தார்கள். சுற்றிப் பார்க்க வந்த ஓவிய வாத்தியாருக்கு, ஓய்வு பெற்ற பிறகும் மார்க் போடும் பழக்கம் போகவில்லை.

"பூனைக்கு ஏழு. பேப்பர் படிக்கிறவருக்கு ஆறு."

"முப்பது வருஷத்துல யாருக்காவது பத்து போட்டிருக்கீங்களா?" என்றாள் மனைவி. "மெதுவாப் பேசுங்க."

"இங்க யாருக்குத் தமிழ் தெரியப்போகுது? மூணாவது மாடியில துணியோட நிக்கிறா பாரு, அவளுக்கு நாலுதான். உயிரே இல்ல. மூக்கு வேற அளவு தப்பிப்போச்சு."

ஓவியம் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டது.

"மூக்கு எங்க அப்பாவோடது சார்" என்றது. "மேல வாங்க. காபி குடிச்சிட்டு மறுமதிப்பீடு பண்ணுங்க."

காபி வருவதற்கு முன்பே, வாத்தியார் தன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பத்துக்குப் பத்து போட்டார்.