ஒரு மணிக்கு விழும் பூட்டு

"நாலு நாளா சரியா ஒரு மணிக்கு என் அக்கவுண்ட் பூட்டிக்குதும்மா. யாரோ உள்ள நுழையப் பாக்கறாங்க" என்றார் ஸ்டீபன்.

மாதாப்பூர் அலுவலகத்தின் சிஸ்டம் அட்மின் சாஹித்யா, லேப்டாப்போடு அவர் மேசைக்கே வந்துவிட்டாள்.

"ஆமா சார், யாருன்னு சிஸ்டத்தோட செக்யூரிட்டி பதிவுல இருக்கும். ஆனா அதைப் பாக்க எனக்கே பர்மிஷன் இல்லைங்குது."

"அட்மினுக்கே இல்லையா?"

மேனேஜருக்குப் போன் செய்தாள். அவர் அனுமதிப் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்தார். அப்போதும் திறக்கவில்லை. லேப்டாப்பில் லாக்-அவுட் செய்து மறுபடி நுழைந்ததும் புது அனுமதி வேலை செய்து, பதிவுகள் வந்தன.

"தினமும் ஒரு மணிக்கு, பூட்டு விழற வரைக்கும் அஞ்சு தடவை தப்பான பாஸ்வேர்டு போட்டிருக்காங்க சார். வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கு. மூணாவது மாடி கம்ப்யூட்டர். ஆக்னஸ்னு பேர். கம்ப்ளெயின்ட் எழுதிடட்டுமா?"

ஸ்டீபன் மேசைக்கு அடியிலிருந்து, இன்னும் திறக்காத டிபன் பாக்ஸை எடுத்தார்.

"வேண்டாம்மா. இதைக் கட்டிக் கொடுத்த என் வீட்டுக்காரிதான் அவ. சுகரை வெச்சுக்கிட்டு நேரத்துக்குச் சாப்பிட மாட்டேங்கறேன்னு வீட்டுல தினமும் திட்டுவா. நாலு நாளாத்தான் திட்டலை."

சாஹித்யா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அப்போ அக்கவுண்டைத் திறந்து விடட்டுமா சார்?"

"ரெண்டு மணிக்குத் திறந்தா போதும்."