ஐயாயிரம் புள்ளிகள்

பிழை எண் இறங்கிக்கொண்டிருந்தது.

திரையில் ஒரு கறுப்புப் புள்ளியும் ஒரு வெள்ளைப் புள்ளியும் இடம் மாறின. பிழை குறைந்தால் அப்படியே நிற்கும். கூடினால் பழைய இடத்துக்குத் திரும்பும்.

கறுப்பு என்றால் துளை. வெள்ளை என்றால் மாவு.

அவன் அசையாமல் பார்த்திருந்தான்.

பாறைகளுக்காக எழுதிய நிரல். அதற்குப் பாறையைக் காட்ட வேண்டியதில்லை. நூற்றுக்கு எத்தனை பங்கு துளை, துளைக்குத் துளை எவ்வளவு தூரம் என்ற கணக்கு போதும். உள்ளிருப்பதை வரைந்துவிடும். வரைந்தது கணக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுதான் பிழை.

முதல் சோதனைக்கு மாதங்கி அவித்த இட்லியைப் பிளந்து படமெடுத்தான். கல்யாணமான புதிது.

"இட்லியக்கூட விட்டுவைக்க மாட்டீங்களா? சீக்கிரம் எடுங்க, தட்டு சுடுது."

கணக்கை எடுத்துக்கொண்டு படத்தை அழித்தான். கணினியில் இடமில்லை. கணக்கு இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரைந்துகொள்ளலாம் என்று அவளிடம் பெருமையடித்தான்.

அவள் இறந்து நான்கு மாதம்.

நாளை ஆய்வுக் குழுவின் முன் அந்த இட்லியைத் திரும்ப வரைந்து காட்ட வேண்டும்.

பக்கத்து மேசை ஜெயரூபி அவனுடைய பழைய குறிப்பேட்டைப் புரட்டினாள்.

"அண்ணா, இங்க பாருங்க. 'ஓரத்தில் விரல், வெட்டவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. வெரலும் மாவுக் கணக்குல சேந்துருச்சு. தொளை நாப்பத்திரெண்டு இல்ல, நாப்பத்திநாலு. திருத்திட்டு ஓட்டுங்க. இல்லன்னா இது இட்லியா கல்லான்னு கேப்பாங்க."

சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. யாருடைய விரல் என்று அவள் கேட்கவில்லை.

நிரலை நிறுத்தினான். 44 என்று தட்டினான்.

நூற்றுக்கு இரண்டு பங்கு. படத்தின் இரண்டரை லட்சம் புள்ளிகளில் ஐயாயிரம் வெள்ளைப் புள்ளிகள். தட்டைப் பிடித்திருந்த கட்டைவிரல்.

திருத்தினால் படத்தில் மாவு மட்டும்தான் இருக்கும்.

விசையின் மேல் அவன் விரல் நின்றது.

ஜெயரூபி குறிப்பேட்டைச் சத்தமில்லாமல் மூடி வைத்தாள்.

44ஐ அழித்தான்.

42.

எண் மறுபடியும் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியது. பாதியில் தயங்கியது. மெல்ல இறங்கியது.

நின்றது.

இட்லி வந்திருந்தது. ஓரத்தில் விரல் இல்லை. அந்த ஐயாயிரமும் மாவெங்கும் பரவி, அங்கங்கே ஒரு துளை அடைபட்டு, முழுவதுமே சற்றுக் கெட்டியாக இருந்தது.

"ஏன் கெட்டின்னு நாளைக்குக் கேட்டா என்னண்ணா சொல்வீங்க?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தட்டு சுட்டுச்சு."