நாள் முழுக்க நிக்கணும்

“நாள் முழுக்க நிக்கிற வேலைம்மா. கால் வலிக்காத பூட்ஸா எடு” என்றார் கடைக்கு வந்தவர்.

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தேய்ந்த ரப்பர் செருப்போடு பன்னிரண்டு மணி நேரம் நின்று, கால் வலிக்காத பூட்ஸ் விற்கிறவள் அவள். விற்பனைப் பெண்கள் உட்கார்ந்தால் அன்றோடு வேலை காலி.

“பளபளன்னு இருக்கிறத எடுக்காதீங்கண்ணா, அது மாப்பிள்ளைக்கு. குதிகால் தூக்கக் கூடாது, விரல் முட்டக் கூடாது. சாயங்காலம் கால் வீங்கும், அதுக்கும் இடம் வேணும்.”

“டாக்டர் மாதிரி பேசுறியே!”

“என் குதிகால் பேசுதுண்ணா.”

சோபாவை ஒரு குடும்பமே அடைத்துக்கொண்டிருந்தது. அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்திருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“உக்காந்து போடுங்க. வெளிய சொல்லிடாதீங்க. மேனேஜர் அசந்தா இதுலதான் எங்க உயிர் ஓடுது.”

அவர் உட்கார்ந்து ஒரு காலுக்கு நிதானமாக லேஸ் கட்டினார். கச்சிதமாக இருந்தது.

“எங்கண்ணா வேலை?”

“இங்கதான். நாளையிலேருந்து இந்த மாடிக்கு சூப்பர்வைசர். நீங்க யாரும் உக்காராம பாத்துக்கணுமாம்.” ஸ்டூலைத் தட்டினார். “இத மேனேஜர் ரூம்ல கொண்டுபோய் வச்சிடும்மா.”

சொன்னவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு காலுக்கும் லேஸ் கட்ட வேண்டியிருந்தது.

அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.